கல்லின் மேல் உட்கார்ந்தவள்

அக்டோபர் 3, வெள்ளி

முதலில் ஒரு மன்னிப்பு. யாரிடம் என்று தெரியவில்லை, இந்தத் தாளிடம் என்றே வைத்துக்கொள்கிறேன். எங்கள் வீட்டில் யாரும் தன்னைப் பற்றி எழுதியதில்லை. அப்பா ஆட்டுக் காதில் குறி வெட்டுவார். எங்கள் குடும்பத்தின் எழுத்து அவ்வளவுதான். அதிலும் நான் எழுத வந்த விஷயம் இருக்கிறதே — உள்ளாடையில் ஒரு கறை. இதை எழுதத்தானா தலைநகர் பிஷ்கெக்கில் நான்கு வருடம் படிக்க வைத்தார்கள்?

கறை பழுப்பு. பால் ஊற்றாத தேநீர் சிந்தியது போல. போன மாதமும் இப்படித்தான், அதற்கு முந்தைய மாதமும். நாள் வந்துவிட்டது என்று பேட் வைத்துக்கொள்வேன். பிறகு ஒன்றும் இருக்காது. இரண்டு நாள் கழித்துத்தான் ஒழுங்காக வரும். விருந்தாளி வாசலில் செருப்பை மட்டும் விட்டுவிட்டு எங்கோ போய்விட்ட மாதிரி.

யாரிடமாவது கேட்கலாம். கேட்க வேண்டுமானால் வாயைத் திறக்க வேண்டும். அங்கேதான் தகராறு.

நவம்பர் பத்தாம் தேதி நான் மேலே போகிறேன். கணவாய்க்கு அப்பால் உள்ள பனி அளவு நிலையத்தில் வேலை. எவ்வளவு பனி விழுந்தது, எந்தச் சரிவு எப்போது கீழே வரும் என்று குளிர்காலம் முழுக்கப் பார்த்துச் சொல்ல வேண்டும். அங்கே மூன்று ஆண்கள் இருக்கிறார்கள். நான் நான்காவது ஆள். எங்கள் தெருவில் முதலில் பட்டம் வாங்கியவள் நான். பட்டம் வாங்கிவிட்டுப் பனியை அளக்கப் போகிறவளும் நான்தான். சிரிக்கிறார்கள், சிரிக்கட்டும்.

அக்டோபர் 4, சனி

இன்றும் பழுப்பு. நேற்றைவிடக் குறைவு. வலி இல்லை. பின்னே எதற்குப் பயப்படுகிறேன்?

அக்டோபர் 5, ஞாயிறு

ஒழுங்காக வந்துவிட்டது. அதைவிடப் பெரிய செய்தி — அம்மா பார்த்துவிட்டாள்.

துணி ஊற வைத்திருந்த பேசின் அவள் கண்ணில் பட்டிருக்கிறது. கறையில் எது பழையது, எது புதியது என்று அம்மாவுக்குத் தெரியும். மூன்று பிள்ளைகளுக்கும் ஐந்நூறு ஆடுகளுக்கும் துவைத்துத் துடைத்தவள்.

"இது எப்ப பட்டுச்சு?"

"வெள்ளிக்கிழமை."

"உனக்கு நாள் வந்தது இன்னைக்குத்தானே?"

நான் காலால் பேசினைத் தள்ளி மறைக்கப் பார்த்தேன். அதுவே பதிலாகிவிட்டது.

"கோகுய்! எத்தனை மாசமா?" என்று கன்னத்தில் கை வைத்துக்கொண்டாள். ஆகஸ்டிலிருந்து என்றேன். உடனே கைப்பேசியை எடுத்தாள். அதன் முகப்பில் நான்தான் இருக்கிறேன். ஜூலையில் பனியாற்றின் அடிவாரத்தில் களப்பயிற்சிக்குப் போனபோது எடுத்த படம். ஊரில் ஒருவர் பாக்கியில்லாமல் அதைக் காட்டியிருக்கிறாள். இரண்டு விரலால் படத்தை விரித்து, முகத்தைத் தள்ளிவிட்டுக் கீழே கொண்டுபோனாள்.

"கல்லு! கல்லு மேல உக்காந்திருக்கே! கீழ ஒண்ணுமே போடல! இத்தனை நாளா உன் மூஞ்சியையே பாத்துட்டு இருந்துட்டேன்டி, கீழ பாக்கலையே!"

அப்பா எழுந்து குதிரையைப் பார்க்கப் போய்விட்டார். பெண்கள் பேச்சு ஆரம்பித்தால் அப்பாவுக்கு உடனே குதிரை ஞாபகம் வரும்.

பிறந்ததிலிருந்து கேட்பதுதான். கல்லில் உட்காராதே, வெறும் மண்ணில் உட்காராதே, வாசற்படியில் உட்காராதே, குளிர் உள்ளே ஏறிவிடும், ஏறினால் பிள்ளை தங்காது. சொன்னால் வெட்கம் — நானும் பாதி நம்புகிறவள்தான். நான்கு வருடமும் எந்தப் பாறையில் உட்கார்ந்தாலும் பையைக் கீழே வைத்துவிட்டுத்தான் உட்காருவேன். அன்றைக்கு மட்டும் வைக்கவில்லை. கூட இருந்த பையன்கள் கேலி செய்வார்கள் என்று.

உட்கார்ந்தது ஜூலை. கறை தொடங்கியது ஆகஸ்ட். கணக்கு சரியாக வருகிறதே.

அம்மா கடைசியாகச் சொன்னது: "மேல போறது எல்லாம் கிடையாது. ஒரு கல்லுக்கே இந்தக் கதி. ஒரு மலைப் பனி மேல போய் உக்காரப் போறியா?"

அக்டோபர் 6, திங்கள்

அம்மா ஒட்டக ரோம இடுப்புப் பட்டை கட்டிவிட்டிருக்கிறாள். உள்ளே ஆயிரம் எறும்பு ஓடுகிறது.

அக்டோபர் 7, செவ்வாய்

உப்பை வாணலியில் வறுத்து, துணிப்பையில் கட்டி, அதன் மேல் என்னை உட்கார வைத்திருக்கிறாள். காலையில் ஒரு வேளை, சாயங்காலம் ஒரு வேளை. இதை அதன் மேல் உட்கார்ந்துதான் எழுதுகிறேன். எழுத்து கோணினால் உப்பைக் கேட்க வேண்டும்.

நிலையத் தலைவர் எசென்பெக் கைப்பேசியில் அழைத்தார். "எல்லாம் தயாரா? ஏதாவது வேணுமா தங்கச்சி?" ஒன்றும் வேண்டாம் என்றேன். வரமாட்டேன் என்றும் சொல்லவில்லை. அம்மா உப்பைத் திருப்பிப் போட வந்துவிட்டாள்.

அக்டோபர் 9, வியாழன்

அண்ணி வந்தாள். அசில்கான் அண்ணி ஒரு வீட்டுக்குள் நுழைகிறாள் என்றால் அவள் குரல் நுழைந்து தேநீர் குடித்து முடித்த பிறகுதான் ஆள் நுழைவாள்.

"என்ன நாத்தனாரே, அடை காத்து முடிச்சாச்சா? குஞ்சு எப்ப வரும்?"

எனக்குச் சிரிப்பு வந்தது, அழுகையும் வந்தது. இரண்டும் சேர்ந்து வந்தால் மூக்குதான் ஒழுகுகிறது. அம்மா மாடு கறக்கப் போனதும் அண்ணி பக்கத்தில் உட்கார்ந்து குரலைத் தணித்தாள். அவளுக்கும் குரல் தணியும் என்று இன்றுதான் தெரிந்தது.

"எரிச்சல், வலி, நாத்தம் ஏதாவது இருக்கா?"

"இல்லை அண்ணி."

"அப்ப நரீன் டவுனுக்குப் போய் டாக்டரைப் பாத்துரலாம். இருந்தா இருக்குன்னு சொல்லட்டும், இல்லைன்னா இல்லைன்னு சொல்லட்டும். சும்மா உப்பு மேல உக்காந்து உப்புக்கண்டம் ஆகாதே. அத்தையையும் கூட்டிட்டுப் போ. நீயா வந்து சொன்னா நம்ப மாட்டாங்க."

"டாக்டர்கிட்ட நான் எப்படிச் சொல்றது?"

"வாயாலதான்."

அக்டோபர் 14, செவ்வாய்

நரீன் போய் வந்தோம். வேனில் அம்மா எனக்கும் இருக்கைக்கும் நடுவில் ஒரு சால்வையைத் திணித்தாள். ரப்பர் இருக்கை. அதுவும் குளிராம்.

டாக்டர் பெயர் சினாரா. என்னைவிடப் பத்து வயதுதான் அதிகம் இருக்கும். அம்மாவை வெளியே இருக்கச் சொன்னார். அம்மாவின் பாதி உடம்பு வெளியே போனது, காது உள்ளேயே இருந்தது. டாக்டர் எழுந்து போய்க் கதவைச் சாத்தினார்.

கேள்விகள். எப்போதிலிருந்து, என்ன நிறம், எத்தனை நாள். ஆணோடு உறவு உண்டா. எனக்குக் காது நுனிவரை சூடு ஏறிவிட்டது. இல்லை என்றேன். அவர் முகத்தில் ஒரு மாற்றமும் இல்லை. பல் வலிக்கிறதா என்று கேட்பவர் போல அடுத்ததற்குப் போனார். மாத்திரை ஏதாவது? தூக்கம்? எடை குறைந்ததா? இறுதித் தேர்வு, விடுதியைக் காலி செய்தது, வேலைக்கு அலைந்தது, ரொட்டியும் தேநீருமாக ஓட்டியது — கேட்கக் கேட்கத்தான் எனக்கே தெரிந்தது, இந்தக் கோடையில் நான் ஒழுங்காகச் சாப்பிடவே இல்லை.

பிறகு ஸ்கேன். கல்யாணமாகாதவளுக்கு வயிற்றின் மேல் வைத்துத்தான் பார்ப்பார்களாம், அதற்கு மூத்திரப்பை நிறைய வேண்டுமாம். தண்ணீர் குடித்துக்கொண்டே இருந்தேன். தாழ்வாரத்தில் நடந்தேன். ஒரு காலில் நின்றேன். அம்மா தன் பங்குக்கு இன்னொரு புட்டி நீட்டினாள். "வெந்நீர்தான், குடி." உலகத்தில் எந்தப் பனிச்சரிவும் அந்த அரைமணி நேரத்தைப்போல என்னைப் பயமுறுத்த முடியாது.

எல்லாம் சரியாக இருக்கிறது. தைராய்டுக்கும் ரத்தம் எடுத்தார்கள்.

டாக்டர் ஒரு தாளில் ஒரு மலையை வரைந்தார். எனக்குப் பிடித்த படம். "மாசத்தோட ரெண்டாவது பாதியில ஒரு ஹார்மோன் இப்படி ஏறும். கர்ப்பப்பை உள்படலத்தைப் பிடிச்சு வச்சிருக்கறது அதுதான். கடைசியில இறங்கும்போது படலம் உதிரும், அதுதான் நாள் வர்றது. சில பேருக்கு அது கொஞ்சம் முன்னாடியே இறங்க ஆரம்பிக்கும். அப்ப துளித்துளியா உதிரும். மெதுவா வர்றதால ரத்தம் வழியிலேயே பழசாகிப் பழுப்பாயிடுது. அவ்வளவுதான்."

நான் சட்டென்று புரிந்துகொண்டேன். சரிவு மொத்தமாக இறங்குவதற்கு முன்னால் சில இடங்களில் பனி மணிமணியாக உருளும். பாடத்தில் படித்திருக்கிறேன். என் உடம்பிலும் அதே பாடம்.

"ரெண்டு மூணு நாள் லேசா படறது, வலியில்லை, அப்புறம் ஒழுங்கா வருது — இதுக்குப் பயப்பட வேண்டாம். சாப்பிடு, தூங்கு, தேதியைக் குறிச்சு வை. நாள் நீண்டுட்டே போனா, நடுமாசத்துல சிவப்பா கொட்டினா, வலி, காய்ச்சல், வாடை வந்தா, பின்னாடி கல்யாணமாகி உறவுக்கு அப்புறம் பட்டா, இல்ல நாள் தள்ளிப்போய்ப் பட்டா — காத்திருக்காதே, வா. அப்புறம் எல்லாம் நின்னுபோன வயசுல ஒரு சொட்டுப் பட்டாலும் வரணும். அது உனக்கு இன்னும் ரொம்ப தூரம்."

எழுந்தேன். கதவுவரை போனேன். திரும்பினேன்.

"டாக்டர், கல்லு மேல உக்காந்தா?"

அவர் சிரிக்கவில்லை. "கல்லு மேல உக்காந்தா பின்பக்கம் குளிரும்," என்றார்.

அக்டோபர் 15, புதன்

அம்மா நம்பவில்லை.

"அந்த டாக்டர் பொண்ணு காலைப் பாத்தியா? கம்பளிக் காலுறை போட்டிருந்தா. குளிர் ஒண்ணும் பண்ணாதுன்னா அவ ஏன் போடறா?"

என் காலையும் பார்த்துக்கொண்டேன், கம்பளிக் காலுறைதான்.

கொஞ்ச நேரம் கழித்து அவளே வந்தாள். தலையைத் தடவினாள். "என் ஒட்டகக்குட்டி, நான் உன் சம்பளத்துக்கா குறுக்க நிக்கறேன்? நாளைக்கு ஒரு வீட்டுக்குப் போய், பிள்ளை இல்லைன்னு அவங்க உன்னைப் பேசினா யார் போய்க் கேக்கறது? உரிச்ச சூட்டோட ஆட்டுத்தோல் சுத்தினா குளிர் இறங்கிடும், ஒரே ஒரு தடவை சுத்திடலாம். அப்புறம் பாக்கலாம்."

அப்புறம் பாக்கலாம் என்றால் போகலாம் என்று அர்த்தமா, போகக்கூடாது என்று அர்த்தமா? அம்மாவின் மொழியில் இரண்டும் ஒன்று. சரி என்று தலையாட்டினேன். நவம்பர் பத்தாம் தேதிக்குள் ஏதாவது ஒரு பக்கம் முடிய வேண்டும்.

அக்டோபர் 19, ஞாயிறு

எழுதியே ஆக வேண்டும். கை இன்னும் கொழுப்பு வாடை அடிக்கிறது.

காலையில் அப்பா ஆட்டை அறுத்துத் தோலை உரித்துக் கொடுத்தார். கொடுத்ததும் குதிரை ஞாபகம் வந்துவிட்டது. சூடு ஆறுவதற்குள் சுற்ற வேண்டும். உள்பாவாடையோடு என்னை நிற்க வைத்து, ஈரப்பக்கம் என் உடம்பிலும் ரோமப்பக்கம் வெளியிலுமாகச் சுற்றி, மெத்தையில் கிடத்தி, மேலே இரண்டு ரஜாய். முகம் மட்டும் வெளியே. மூக்கு அரித்தது. அண்ணி சொறிந்துவிட்டாள். "மேடம், இன்னும் கொஞ்சம் இடது பக்கமா?"

தானும் அண்ணியும் இரண்டே பேர் என்றுதான் அம்மா சொல்லியிருந்தாள். ஆனால் ஆடு அறுத்தால் ஆள் வராமல் இருக்குமா? பக்கத்து வீட்டுப் புருல்சா பெரியம்மா வந்தார். அம்மாவின் சித்தி மகள்கள் இரண்டு பேர், எனக்குப் பெரிய சித்தியும் சின்ன சித்தியும், வந்தார்கள். எல்லாரும் என்னைச் சுற்றி உட்கார்ந்து பால் விட்ட உப்புத் தேநீர் குடித்தார்கள். நான் நடுவில், விரிக்காத ஜமுக்காளம் மாதிரி. என் உள்ளாடைக் கறை இப்போது ஊருக்குப் பொது. செத்துவிடலாம் என்றிருந்தது. சாகக்கூட அசைய முடியவில்லை.

"பாவம், இந்த வயசுல குளிர் ஏறிடுச்சே," என்றாள் பெரிய சித்தி. "எப்படித் தெரிஞ்சுது?"

அம்மா சொன்னாள். இரண்டு நாள் முன்னாடியே, லேசா, பழுப்பா.

"அது எனக்கும் அப்படித்தானே வரும்," என்றாள் சின்ன சித்தி.

"உனக்கா?"

"எப்பவுமே. ரெண்டு நாள் முன்னாடி தகவல் சொல்லிட்டுத்தான் வரும்."

அண்ணி தேநீர்க் கிண்ணத்தைக் கீழே வைத்தாள். "எனக்கும் ரெண்டாவது பிள்ளைக்கு அப்புறம் அப்படித்தான். மூணாவதும் அதுக்கு நடுவுலதான் பிறந்துச்சு. குளிர் ஏறினா பிள்ளை தங்காதாமே, இவனை எங்க கொண்டு போய்ச் சேக்கறது?"

"நீ மேய்ச்சல் மலையில எந்தக் கல்லு மேலதான் உக்காராம இருந்தே!" என்றாள் பெரிய சித்தி. சிரிப்பு. பிறகு அவளே, "ஆனா எனக்கும் இருந்துச்சு," என்றாள். இன்னும் பெரிய சிரிப்பு.

மிச்சம் இருந்தது ஒருவர். அம்மா. ரொட்டியைப் பிய்த்துக்கொண்டே இருந்தாள், வாயில் போடவில்லை. அண்ணி விடுவாளா?

"அத்தை?"

"…எப்பவோ. கல்யாணத்துக்கு முன்னாடி."

"நீ எந்தக் கல்லு மேல உக்காந்தே, ஜூரா?" என்று புருல்சா பெரியம்மா கேட்க, அறையே குலுங்கியது. எனக்கும் தோலுக்குள் வயிறு குலுங்கியது. சிரித்தால் ஈரத்தோல் சளக் சளக்கென்று சத்தம் போடுகிறது.

அந்தச் சிரிப்பு அடங்குவதற்குள் பெரியம்மா கண்ணைத் துடைத்துக்கொண்டே சொன்னார். "எனக்கு இப்பக்கூட இருக்கு, போங்கடி. நின்னு ஆறு வருஷம் ஆச்சு. போன மாசம் ரெண்டு தடவை பட்டுச்சு. இன்னும் குமரின்னு நெனச்சுக்கிட்டேன்."

எல்லாரும் சிரித்தார்கள். நான் சிரிக்கவில்லை. நின்ற பிறகு ஒரு சொட்டு என்று டாக்டர் சொன்னது என் காதில் அப்படியே இருந்தது. யாராவது ஏதாவது சொல்வார்கள் என்று பார்த்தேன். யாருக்கும் தெரியாது. தெரிந்தவள் ஆட்டுத்தோலுக்குள் கிடக்கிறாள்.

"பெரியம்மா, அது சரியில்லை."

என் குரல்தான். எல்லாரும் சுவரைப் பார்த்தார்கள், பிறகு கீழே என்னைப் பார்த்தார்கள்.

"எனக்கு வர்றது பரவாயில்லை. சித்திக்கு வந்ததும் பரவாயில்லை. நின்னதுக்கு அப்புறம் ஒரு சொட்டு வந்தாலும் டாக்டர்கிட்ட போகணும். பயப்படற மாதிரி இல்லாமலும் இருக்கலாம். ஆனா பாக்கணும். நானே கூட வர்றேன். நாளைக்கே—"

மூச்சு வாங்கியது. பெரியம்மா சிரிப்பை நிறுத்திவிட்டு அம்மாவைப் பார்த்தார். அம்மா என்னைப் பார்த்தாள். நான் நாலு பேர் முன்னால் பேசி அவள் பார்த்ததே இல்லை. ஒருவர் முன்னால் பேசியே பார்த்ததில்லை.

"இவ சொல்றா இல்ல," என்றாள் அம்மா. "போ."

அக்டோபர் 20, திங்கள்

மூன்று தடவை குளித்தாயிற்று. நாய் இன்னும் என் பின்னாலேயே வருகிறது.

அக்டோபர் 23, வியாழன்

பெரியம்மாவோடு நரீன். கூடவே அம்மாவும். கர்ப்பப்பைக்குள் சின்னதாக ஒரு சதை வளர்ந்திருக்கிறதாம். எடுத்துப் பரிசோதனைக்கு அனுப்ப வேண்டும். "வந்தது நல்லது," என்றார் டாக்டர். திரும்பும் வழியில் பெரியம்மா என் கையைப் பிடித்துக்கொண்டே வந்தார். அம்மா ஜன்னல் பக்கம். ரப்பர் இருக்கையில் சால்வை போட மறந்துவிட்டாள்.

என் தைராய்டும் சரியாக இருக்கிறது.

அக்டோபர் 31, வெள்ளி

பழுப்பு. சொல்லி வைத்தாற்போல.

அடுப்படியில் அம்மாவிடம் நானே போய்ச் சொன்னேன். மாவு பிசைந்துகொண்டே, "அப்ப ஞாயித்துக்கிழமை வரும். பேட் இருக்கா, வாங்கணுமா?" என்றாள்.

அவ்வளவுதான். உப்பு வறுக்கவில்லை.

நவம்பர் 2, ஞாயிறு

வந்தது. பேட் வாங்கி வைத்திருந்தாள்.

நவம்பர் 6, வியாழன்

பெரியம்மாவின் பரிசோதனை முடிவு வந்துவிட்டது. கெட்டது ஒன்றும் இல்லை. தெருவுக்கே பொரித்த மாவுருண்டை கொடுத்தார். எனக்கு மட்டும் ஒரு பை நிறைய.

சாயங்காலம் அம்மா ஒரு வட்டமான கம்பளித் தடுக்கைக் கொண்டுவந்து என் மூட்டையின் மேல் வைத்தாள். ஓரத்தில் சிவப்பு நூல் தையல். எத்தனை நாளாகத் தைத்தாளோ, எனக்குத் தெரியாது.

"டாக்டர் சொன்னது டாக்டர் சொன்னது. கல்லு கல்லுதான். மேல போனா இதைப் போட்டு உக்காரு."

மேல போனா! நான் இரண்டு தடவை அந்தச் சொல்லை எனக்குள் சொல்லிப் பார்த்தேன். அம்மா திரும்பிப் பார்க்காமல் போய்விட்டாள்.

நவம்பர் 10, திங்கள்

லாரி முன்கூட்டியே வந்துவிட்டது. எசென்பெக் இறங்கி அப்பாவிடம் கை குலுக்கினார். ஓட்டுநர் மூட்டைகளை ஏற்றினார். அம்மா ரொட்டியைக் கொடுத்து ஒரு கடி கடிக்கச் சொல்லி, மிச்சத்தை நான் திரும்பி வந்து தின்ன வேண்டும் என்று வாங்கி வைத்துக்கொண்டாள். அண்ணி, "கல்லைப் பாத்தா நான் விசாரிச்சதாச் சொல்லு," என்றாள்.

எசென்பெக் ஒவ்வொரு அழைப்பிலும் கேட்பதை மறுபடி கேட்டார். "வேற ஏதாவது வேணுமா தங்கச்சி?"

வேலை கிடைத்த நாளிலிருந்து ஒன்று வேண்டும். அதை நான் அவரிடம் சொல்லவில்லை, அம்மாவிடம் சொல்லவில்லை, இங்கேகூட எழுதவில்லை. ஒவ்வொரு தடவையும் ஒன்றும் வேண்டாம் என்று சொல்லிவிட்டுப் படுக்கையில் கிடந்து யோசிப்பேன் — மூன்று ஆண்கள், ஒரே குளியலறை, குளிர்காலம் முழுக்க.

அப்பாவுக்குக் குதிரை ஞாபகம் வரும் என்று தெரிந்தது. வரட்டும். ஓட்டுநரும் கேட்கட்டும்.

"வேணும் அண்ணா. மாசத்துல ஒரு வாரம் எனக்கு நாள் வரும். குளியலறைக் கதவுக்கு உள்பக்கம் ஒரு தாழ்ப்பாள் வேணும், மூடி போட்ட ஒரு வாளி வேணும், தினம் எனக்குன்னு கொஞ்சம் வெந்நீர் வேணும்."